வன்னியின் மின்கம்பியும் உமியும்

இலங்கையின் வடக்கேயுள்ள வன்னியில் மின்சாரம், வெப்பம், எரிவாயு மூன்றும் மூன்று வழிகளில் வந்து சேர்கின்றன. உள்நாட்டுப் போருக்குப் பின் வவுனியாவிலிருந்து கிளிநொச்சி ஊடாகச் சுன்னாகம் வரை இழுக்கப்பட்ட 132 கிலோவோல்ட் கம்பித்தொடர் மின்சாரத்தைத் தருகிறது. எரிவாயுவுக்கு நிலக்குழாய் கிடையாது, 12.5 கிலோ சிலிண்டர் லொறியில்தான் வரும். 2022 இல் இறக்குமதி தடைப்பட்டபோது பல வீடுகள் விறகுக்குத் திரும்பின. வெப்பத்தையோ எவரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் புழுங்கல் அரிசிக்கு நெல் அவிக்கும் ஆலைகளில் எரிவது உமி. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு அது.

இம்மூன்றையும் ஒரே வரைபடத்தில் வைத்துக் கணக்கிடுவதே ஒருங்கிணைந்த வலையமைப்புத் திட்டமிடல். எடுத்துக்காட்டாக, வெயில் கொளுத்தும் ஞாயிறு நண்பகலில் தேவை குறைந்து சூரிய மின்சாரம் மிஞ்சுகிறது. 2025 பெப்ரவரி 9 அன்று மின்தடையில் நாடே இருண்டதும் அப்படியொரு ஞாயிறில்தான். மிஞ்சுவதை நெல் ஊறவைக்கும் நீரைச் சூடாக்கத் திருப்பினால் உமி மிச்சமாகும். மாலையில் தேவை ஏறும்போது அந்த உமியை எரித்து மின்சாரம் எடுக்கலாம். வெந்நீர்த் தொட்டி மின்கலத்தைவிட மலிவு என்பதும் மறக்கத் தகாதது. வன்னியின் பூநகரியில் காற்றும் வெயிலும் தாராளம். எனினும் கம்பி தாங்கும் அளவு மின்சாரம் மட்டுமே வெளியே போகும்.