விளம்பரமும் விளையாட்டும்

‘விளம்புதல்’ என்னும் சொல்லுக்குச் சொல்லுதல் என்பது பொருள். உண்போர் இலையிற் பரிமாறுதல் என்ற மற்றொரு பொருளும் அதற்குண்டு. விளம்பரம் என்பது இச்சொல்லின் வழிவந்ததே. வாயால் விளம்பியதையே இலையிலும் விளம்புகிறவன் நாணயமான வணிகன். இவ்விரு பொருளையும் வெட்டிப் பிரித்துவிட்ட வாணிகம் ஒன்று இன்று நம் பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளில் நடைபெறுகின்றது. வீடியோ விளையாட்டு விளம்பரத்தையே கூறுகிறேன்.

என்னிடம் பயிலும் மாணவன் ஒருவன் படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து வருபவன். தந்தையார் வலைவீசி இறால் பிடிப்பவர். பையன் கண்ட விளம்பரத்தில் முதியவர் ஒருவர் வெள்ளத்திற் சிக்கித் தவிக்கிறார். ஊசிகளை ஒழுங்கறிந்து இழுத்தால் அவர் பிழைப்பார். அறிவுக்கு வேலை தரும் புதிரென்று எண்ணி இலவசமாக இறக்கிக்கொண்டான். உள்ளே இருந்ததோ வண்ணக் கட்டைகளை மும்மூன்றாகச் சேர்க்கும் வேறொரு விளையாட்டு.

“படத்தில காட்டினது இன்னும் வரல்ல, ஐயா. மேல போனா வருமெண்டு நினைச்சன்” என்றான்.

மேலே போவதற்கு ‘உயிர்’ வேண்டும். உயிர் தீர்ந்தால் விலைக்கு வாங்க வேண்டும். தந்தையின் தொலைபேசியில் ‘ரீலோட்’ செய்திருந்த பணம் அவ்வழியே கரைந்தது. கேட்போருக்குச் சிறு தொகை. அக்குடும்பத்துக்கு ஒரு நாள் மீன்பாடு.

“இலவசமாகக் கிடைத்ததிற் பொய் இருந்தால் என்ன நட்டம்?” என்று ஆசிரிய நண்பர் ஒருவர் வினவினார். சந்தையிலே கொடுவாவைக் காட்டிக் கூவி அழைத்து, நாம் நெருங்கியதும் திலாப்பியாவை நிறுக்கிறவன், “கிட்ட வந்து பார்த்ததற்குக் காசு வாங்கினேனா?” என்று கேட்டால் ஒப்புவோமா? நம்மை அழைத்தது பொய். விலை பின்னரே வருகின்றது. தூண்டிலின் இரையும் மீனுக்கு இலவசந்தான்.

இத்தகைய வழக்கொன்று பிரித்தானியாவில் எழுந்தது. ‘ஹோம்ஸ்கேப்ஸ்’, ‘கார்டன்ஸ்கேப்ஸ்’ ஆகிய விளையாட்டுகளுக்குப் பிளேரிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட விளம்பரங்களில் ஊசி இழுக்கும் புதிர்களே காணப்பட்டன. விளையாட்டின் பெரும்பகுதியோ கட்டை சேர்ப்பது. அத்தகைய புதிர்களும் உள்ளே உள்ளன என்று நிறுவனம் வாதித்தது. காட்டப்படும் படங்கள் யாவும் விளையாட்டினுள் உள்ளவை அல்ல என்ற குறிப்பும் விளம்பரத்தில் இருந்தது. அக்குறிப்புப் போதாதெனக் கண்ட விளம்பரத் தர ஆணையம், 2020 செப்டெம்பரில் அவ்விளம்பரங்களைத் தடுத்தது. முறையிட்டவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஏழே பேர்.

நமக்குச் சட்டம் இல்லையென்று எவரும் எண்ண வேண்டா. 1979ஆம் ஆண்டிலேயே பாவனையாளர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதனை நீக்கி வந்தது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். அதன்கீழ் அமைந்ததே பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை. (பாவனை என்பதற்கு நடிப்பு என்றும் பொருளுண்டு; இங்கே பாவனை செய்கிறவர் விற்பவரே!) மயக்குகின்ற நடத்தையை மாத்திரமன்றி, மயக்கக்கூடிய நடத்தையையும் அச்சட்டத்தின் 30ஆம் பிரிவு வணிகருக்கு விலக்குகின்றது. இந்த ‘கூடிய’ என்னும் சொல் பொன்போன்றது. ஏமாற்றும் எண்ணம் வணிகனின் நெஞ்சில் இருந்ததா என்று துருவ வேண்டுவதில்லை; காண்போர் மயங்க இடமுண்டா என்பதே கேள்வி. பொருளையும் சேவையையும் பற்றிப் பொய்யுரைப்பதை 31ஆம் பிரிவு விலக்குகின்றது.

ஆயினும் விளையாட்டைச் செய்தவன் கடலுக்கு அப்பாலிருக்க, நம் சட்டத்தின் கை எட்டுமா? அவுஸ்திரேலியாவின் 1974ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே வாசகம் இருந்தது. இன்றைய சட்டத்திலும் அது தொடர்கின்றது. ‘ஸ்டீம்’ என்னும் விளையாட்டு அங்காடியை நடத்தும் அமெரிக்க நிறுவனமான வால்வ், பணம் மீளத் தரப்படமாட்டாது என்று கூறிப் பாவனையாளரை மயக்கியதென அந்நாட்டு அதிகாரிகள் 2014இல் வழக்கிட்டனர். தாம் அந்நாட்டில் வாணிகம் செய்யவில்லை என்றது நிறுவனம். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. விளையாட்டு மென்பொருளும் ‘பொருள்’ என்றே கொண்டு, 2016இல் 30 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. அது விளம்பரப் படம்பற்றிய வழக்கன்று. எனினும் கடல் கடந்த கடைக்காரனைப் பிடித்த வழக்கு. இலங்கையிலும் அவ்வாறு பிடிக்க இயலுமா என்பதை, எவரேனும் முறையிட்டால் அல்லவோ அறியலாம்?

முறைப்பாட்டை எழுத்திற் கொடுக்க வேண்டும்; வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். வழி கேட்க 1977 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு. பத்தாம் வகுப்பிற்குக் கடிதம் எழுதப் பயிற்றும் பாடவேளையில், சுற்றுலா சென்றதைப் பற்றி நண்பனுக்கு எழுதும் பழைய கடிதத்தை இம்முறை ஒதுக்கிவிட்டேன். விளம்பரத்தின் படப்பிரதி, இறக்கிய திகதி, பணம் கழிந்த குறுஞ்செய்தி, விளம்பரத்தில் கண்டது இன்னது, கிடைத்தது இன்னது என்ற இரண்டு வாக்கியம். இவ்வளவே கடிதம். அடைமொழி ஒன்றும் வேண்டாவென்று சொல்லிவைத்தேன். அந்த மாணவனின் கடிதத்தில் எழுத்துப்பிழை நான்கு இருந்தன, திருத்திக் கொடுத்திருக்கிறேன். தந்தையார் ஒப்பமிட வேண்டும். மூன்று மாதம் முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருக்கின்றது.