திருத்தம் நின்றுபோன கணினி

வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்ததும், கூடத்து மூலையில் இருக்கும் பழைய கணினியின் வேகத்தைப் பற்றித்தான் முதல் கவலை எழுகிறது. ராம் கூட்டலாமா, ஹார்ட் டிஸ்கை மாற்றி எஸ்எஸ்டி போடலாமா என்று கடையில் விசாரிக்கிறார்கள். போட்டதும் கணினி விரைவாகிவிடுகிறது, எல்லோருக்கும் திருப்தி. ஆனால் அதில் ஓடும் விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் எல்லோருக்கும் வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-லேயே நின்றாயிற்று. விண்டோஸ் 10-இன் முறை 2025 அக்டோபர் 14-இல் வந்தது. பழைய கணினியை இணையத்தில் மாட்டுவதில் உள்ள ஆபத்து பெரும்பாலும் இந்தத் தேதிகளைப் பொறுத்தது. பெட்டி வாங்கி எத்தனை வருஷம் ஆயிற்று என்பது இரண்டாம்பட்சம். இதைப் பிடித்துக்கொண்டால், எதற்குக் காசு செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம் என்பதும் விளங்கிவிடும்.

திருத்தம் என்பது மென்பொருளில் தெரியவந்த ஓட்டையை அடைக்கும் சிறு நிரல், பேட்ச் என்பார்கள். அது வெளியாகும் நாளில் ஓட்டையை அடைக்க விரும்புகிறவருக்கு வழி பிறக்கிறது. அதே நாளில் ஓட்டை எங்கே இருக்கிறது என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டால் எந்த இடத்தில் கைவைத்திருக்கிறார்கள் என்று கண்டுகொள்ளலாம். அங்கிருந்து தாக்குநிரல் எழுதுவது தேர்ந்தவர்களுக்குப் பெரிய காரியமில்லை. 2003 ஜூலை 16-இல் விண்டோஸின் ஓர் ஓட்டைக்குத் திருத்தம் வந்தது. ஆகஸ்ட் 11-இல் அதே ஓட்டை வழியே பிளாஸ்டர் என்ற புழுநிரல் கிளம்பி, எக்ஸ்பி கணினிகளை ஒரு நிமிட எச்சரிக்கையோடு திரும்பத் திரும்ப அணைத்து எழுப்பியது. 2004 ஏப்ரல் 13-இல் இன்னொரு திருத்தம். அம்மாத இறுதியிலேயே சாஸர் என்ற புழுநிரல் வந்துவிட்டது. 2017 மார்ச் 14-இல் வெளியான திருத்தத்தைப் போடாமல் விட்டவர்களை மே 12-இல், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற புழுநிரல் பிடித்தது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பூட்டப்பட்டன. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளே தடுமாறின. (வான்னாக்ரையின் ஆயுதம் திருத்தத்தை ஒப்பிட்டுச் செய்ததல்ல, அமெரிக்க உளவு அமைப்பிடமிருந்து கசிந்தது. ஆனாலும் திருத்தம் அதற்கு முன்பே கையில் இருந்தது.) இடைவெளிகள் முறையே 26 நாள், 17 நாள், 59 நாள்.

திருத்தம் வந்துகொண்டிருக்கும் கணினிக்கு அந்த இடைவெளி என்றைக்காவது மூடும். நின்றுபோன கணினிக்கு மூடவே மூடாது. இன்னும் மோசம், விண்டோஸ் 11-க்கு மாதாமாதம் வரும் திருத்தங்களே பழைய பதிப்புகளின் ஓட்டைகளையும் காட்டிக்கொடுக்கும். பதிப்புக்குப் பதிப்பு மேல்பூச்சு மாறினாலும் உள்ளே ஏராளமான நிரல்வரிகள் பொதுவானவை. வான்னாக்ரை விஷயத்தில் ஒரு நியாயமான மறுப்பு உண்டு: அதில் சிக்கியவற்றில் மிகப் பெரும்பாலானவை அன்று ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள்தானே, எக்ஸ்பி அவ்வளவாகப் பரப்பவில்லையே என்பார்கள். உண்மைதான். எக்ஸ்பியில் அந்த நிரல் ஒழுங்காக ஓடாமல் பெரும்பாலும் கணினியை நிலைகுலைய வைத்ததோடு சரி. இது நம் வாதத்துக்கு எதிரில்லை. திருத்தம் கிடைத்தும் போடாத கணினியும், கிடைக்காமலே போன கணினியும் தாக்குகிறவன் கண்ணுக்கு ஒன்றுதான். 2019 மே மாதம் ப்ளூகீப் என்ற ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கும் திருத்தம் தந்தது, ஆதரவு முடிந்து ஐந்து ஆண்டு கழித்து. அது ஆபத்தின் அளவைக் காட்டும் விதிவிலக்கு. அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

'என்னிடம் திருடுவதற்கு என்ன இருக்கிறது?' என்ற கேள்வி அடுத்து வரும். யாரோ உட்கார்ந்து நம்மைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற நினைப்பிலிருந்து பிறக்கும் கேள்வி இது. தேர்வு என்று ஒன்றும் நடப்பதில்லை. 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸீமேப் என்ற கருவியை வெளியிட்டார்கள். நல்ல இணைப்புள்ள ஒரே கணினியிலிருந்து, உலகின் ஐபிவி4 முகவரிகள் அத்தனையையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடலாம் என்று அது நிரூபித்தது. அவர்கள் செய்தது ஆராய்ச்சிக்காக. அதே வேலையை இரவுபகலாகக் கெட்ட நோக்கத்தில் செய்யும் நிரல்கள் ஏராளம். 2004-இல் சான்ஸ் நிறுவனத்தின் இணையக் கண்காணிப்பு மையம், திருத்தமில்லாத விண்டோஸ் கணினி நேரடியாக இணையத்தில் நின்றால் சராசரியாக 20 நிமிடம் தாங்கும் என்று கணக்கிட்டது. தேவையான திருத்தங்களை இறக்கிக்கொள்ளவே அதைவிட அதிக நேரம் பிடித்த காலம் அது. பிடிபட்ட கணினியில் ரகசியம் ஏதும் வேண்டியதில்லை. குப்பை மின்னஞ்சல் அனுப்பவும், பிறர் தளங்களை முடக்கவும், மோசடிக்காரன் தன் முகவரியை மறைத்துக்கொள்ளவும் அதன் இணைப்பே போதும். விசாரணை வந்தால் பதிவேட்டில் இருப்பது சந்தாதாரரின் பெயர்.

ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டால் போதுமே என்பது கடைகளில் கிடைக்கும் பதில். ஓரளவுக்கு உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் பிளாஸ்டரும் சாஸரும் யாரையும் எந்தக் கோப்பையும் திறக்கச் சொல்லவில்லை. விண்டோஸின் உள்ளே எப்போதும் விழித்திருக்கும் சேவை ஒன்றுக்கு வலைவழியே கோணலான ஒரு செய்தி அனுப்பின, சேவை ஏமாந்தது. அடியில் இருக்கும் இயங்குதளமே ஏமாறும்போது அதன் மேல் உட்கார்ந்திருக்கும் காவல் நிரல் தாமதமாகத்தான் விழிக்கும். பழைய விண்டோஸுக்கு ஆன்டிவைரஸ் நிறுவனங்களும் ஒவ்வொன்றாகக் கைவிரித்து வருகின்றன. வருஷ சந்தா கட்டுவதற்கு முன்னால், ஓசியில் கிடைக்கும் வேறொன்றைப் பார்ப்பதுதான் என் கணக்கில் புத்திசாலித்தனம். அது ரவுட்டர்.

ரவுட்டர் வீட்டுக் கணினிகளுக்கு 192.168 என்று தொடங்கும் உள்முகவரி கொடுத்து, வெளியே ஒரே பொதுமுகவரியைக் காட்டுகிறது. உள்ளிருந்து கேட்டதற்கு வரும் பதிலை உரியவரிடம் சேர்க்கும்; கேட்காமல் வருவதை யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் அங்கேயே விட்டுவிடும். முகவரித் தட்டுப்பாட்டுக்காக வந்த ஏற்பாடு, பிளாஸ்டர் வகைப் புழுக்களுக்கு எதிராக நல்ல மதிலாகவும் அமைந்துவிட்டது. நம் ஊரில் பிராட்பேண்ட் பரவிய தொடக்க ஆண்டுகளில் பல வீடுகளில் இந்த மதில் இல்லை. மோடத்தை பிரிட்ஜ் முறையில் வைத்து, கணினியிலிருந்தே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணைவார்கள். பொதுமுகவரி நேராகக் கணினிக்கே வந்து உட்கார்ந்துவிடும். இன்றும் பழைய மோடமும் பழைய கணினியும் ஜோடியாக இருக்கும் வீட்டில் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

அப்படியானால் ரவுட்டர் இருப்பவர் நிம்மதியாகத் தூங்கலாமா? ரவுட்டரும் ஒரு கணினிதான். அதற்கும் ஓட்டை உண்டு, அதற்கும் திருத்தம் உண்டு. 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் சந்தாதாரர்களின் ஏறத்தாழ 60,000 மோடம்கள் தீநிரலால் செயலிழந்ததாகச் செய்தி வந்தது. தொழிற்சாலையில் வைத்துக் கொடுத்த 'அட்மின்' கடவுச்சொல்லை யாரும் மாற்றாததுதான் வழியாகிப்போனது. கடவுச்சொல்லை மாற்றுவது, வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதியை அணைப்பது, உள்ளிருக்கும் நிரல்கள் தாமாக வழி திறந்துகொள்ள விடும் யுபிஎன்பி-யை அணைப்பது: இவ்வளவும் கால்மணி நேர வேலை. புதிய இணைப்புகளில் ஐபிவி6 முகவரியும் சேர்ந்தே வருகிறது. அதில் உள்முகவரி மறைப்பு கிடையாது என்பதால் ரவுட்டரின் ஃபயர்வால் இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். கணினியின் சொந்த ஃபயர்வாலும் இயங்கட்டும். வீட்டுக்கு வரும் விருந்தாளியின் மடிக்கணினியில் புழு இருந்தால் அது மதிலுக்கு உள்ளே இருந்துதான் கிளம்பும். பழைய கணினியை கெஸ்ட் வைஃபையில் தனியாக ஒதுக்கிவிடுவது இன்னும் நல்லது.

ரவுட்டரால் தடுக்கமுடியாதது ஒன்று, நாமே போய்க் கேட்டு வாங்கி வருவது. பிரௌசர் திறக்கும் ஒவ்வொரு பக்கமும் 'உள்ளிருந்து கேட்டது' என்ற கணக்கில் தடையில்லாமல் வரும். விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசி குரோம் 109-ஆம் பதிப்பு, 2023 தொடக்கத்தில் வந்தது. அதற்குப் பிறகு அடைக்கப்பட்ட ஓட்டைகளில் பல அதில் திறந்தே கிடக்கின்றன. வங்கிக் கணக்கைத் திறக்கவேண்டுமானால் திருத்தம் வந்துகொண்டிருக்கும் கைப்பேசியே மேல். இன்னொன்றையும் சொல்லவேண்டும், பலருக்குச் சங்கடமாக இருக்கலாம்: கடையில் இருநூறு முந்நூறுக்குப் போட்டுத் தரும் திருட்டு விண்டோஸ். சாவி செல்லாது என்று கண்டுபிடித்துவிடுமே என்று அப்டேட்டை அணைத்துத்தான் பலர் தருகிறார்கள். அந்தக் கணினி, தேதிப்படி ஆதரவில் இருந்தாலும் நடைமுறையில் நின்றுபோனதுதான்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புத் திருத்தம் பெற மைக்ரோசாஃப்ட் வழி வைத்திருக்கிறது. அமைப்புகளை அதன் கணக்கில் சேமித்தால் கட்டணமும் இல்லை. விண்டோஸ் 11 பழைய சிப்புகளை ஏற்பதில்லை என்பதால், அதற்குப் பின் பெரும்பாலோருக்கு மிஞ்சுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். 4 ஜிபி ராம் இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் இலகு பதிப்பு தாராளமாக ஓடும், திருத்தமும் தொடர்ந்து வரும். தமிழ்நாட்டில் இது அந்நியச் சரக்கும் இல்லை: அரசு 2011 முதல் மாணவர்களுக்குத் தந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு சிடாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் இருந்தது. கணக்கு எழுதும் டேலி ஓடாதே, பேஜ்மேக்கரில் பழைய எழுத்துருவில் அடித்துவைத்த கோப்புகள் என்னாவது என்று கேட்பவர்களின் சிரமம் நிஜமானது; லினக்ஸ் அதைத் தீர்த்துவிடும் என்று நான் வாதாடமாட்டேன். அந்த வேலைக்கு அந்தக் கணினி இருக்கட்டும், இணையக் கேபிளை மட்டும் பிடுங்கிவிடுங்கள். பேஜ்மேக்கருக்கு ஃபைபர் எதற்கு? கோப்புகளைப் பென்டிரைவில் கொண்டுபோகலாம். ஆனால் 2008-இல் வந்த கான்ஃபிக்கர் என்ற புழுநிரல் பென்டிரைவ் வழியாகவும் பரவியது. ஆகவே செருகியதும் நிரலைத் தானாக ஓட்டும் ஆட்டோரன்னை அணைத்துவிட்டு, அந்த வேலைக்கென்றே ஒரு பென்டிரைவை ஒதுக்குங்கள். கோப்புகளின் நகல் ஒன்று தனி ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும். நகலெடுத்து முடித்ததும் அந்த டிஸ்கைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். வான்னாக்ரை வகை நிரல்கள் செருகியிருக்கும் டிஸ்கையும் சேர்த்தே பூட்டிவிடும்.