பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்கள்: வாக்குமூலமும் ஜாமீனும்

பயங்கரவாதம் என்ற சொல்லுக்கு உலக நாடுகள் எல்லாம் ஏற்றுக்கொண்ட வரையறை இன்றுவரை இல்லை. பொதுமக்களைக் கொன்று, அந்த அச்சத்தைக் கொண்டு ஓர் அரசையோ சமூகத்தையோ பணியவைக்க முயல்வது என்பது பொதுவாகப் புழங்கும் பொருள். சாகிறவர் சந்தைக்குக் காய் வாங்கப் போனவர். மிரட்டல் போய்ச் சேருவது தலைநகருக்கு.

வறுமைதான் இதற்குக் காரணம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோர் உண்டு. கோடிக்கணக்கான ஏழைகள் வாழும் நாட்டில் குண்டு வைப்பவர்கள் மிகச் சிலரே என்பதும், அவர்களில் படித்தவர்களும் வசதியானவர்களும் இருந்திருக்கிறார்கள் என்பதும் அந்த விளக்கத்தைப் பொய்யாக்குகின்றன. கோவையில் நடந்ததைப் பார்த்தால் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட விதம் தெரியும். 1997 நவம்பர் இறுதியில் அங்கே போக்குவரத்துக் காவலர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் போலீஸ் துப்பாக்கிச்சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர், கடைகள் சூறையாடப்பட்டன. மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 1998 பிப்ரவரி 14 அன்று நகரின் பல இடங்களில் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டனர். ஆறாத காயம் இருந்தது. அதைப் பழிவாங்கலாக மாற்ற ஓர் அமைப்பும், அதை நியாயப்படுத்தும் பேச்சும், வெடிமருந்தும் பணமும் வந்து சேர்ந்தன. இவற்றில் ஏதேனும் ஒன்று இல்லாமல் போயிருந்தால் அந்த மாலை வேறாக இருந்திருக்கும். காரணத்தை இப்படி அறிவது கொலையை மன்னிப்பதாகாது. அறியாமல் விட்டால் அடுத்த குண்டைத் தடுக்க வழியில்லை.

குண்டு வெடித்ததும் எந்த அரசும் கேட்பது கடுமையான சட்டம். பஞ்சாபில் வன்முறை நடந்துகொண்டிருந்தபோது, 1985இல் வந்தது தடா. இரண்டே ஆண்டுகளுக்கான தற்காலிகச் சட்டம் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்டது, நீட்டிக்கப்பட்டு 1995 வரை நின்றது. இலங்கையிலும் இதே கதைதான். 1979இல் தற்காலிகம் என்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. அதன் சுமையை அதிகம் தாங்கியவர்கள் தமிழர்கள்.

தடா செய்த பெரிய மாற்றம் ஒன்று உண்டு. எஸ்.பி. நிலைக்குக் குறையாத போலீஸ் அதிகாரி பதிவு செய்யும் வாக்குமூலத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்கலாம் என்று அது சொன்னது. வழக்கமான சட்டத்தில் இதற்கு இடமில்லை. போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் வகுத்த விதி. அந்த விதி பிறந்த காலத்தை நினைவில் கொள்ள வேண்டும். 1855இல் சென்னை மாகாணத்தில் சித்திரவதைப் புகார்களை விசாரித்த ஆணையம், வரி வசூலுக்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் மக்களின் விரல்கள் கிட்டியில் வைத்து நெரிக்கப்பட்டதைப் பதிவு செய்தது. கிட்டி என்பது மரத்தாலான இடுக்கி. அடித்து வாங்கிய ஒப்புதலுக்கு மதிப்பில்லை என்று அந்நிய ஆட்சியே ஏற்ற விதியைச் சுதந்திர இந்தியா தடாவில் தளர்த்தியது. 1994இல் கர்த்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லும் என்றது. ஐந்து நீதிபதிகளில் இருவர் இந்தப் பிரிவை ஏற்கவில்லை. தடாவில் கைதானவர்கள் 76,000 பேருக்கும் மேல். தண்டனை பெற்றவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

ராஜீவ் காந்தி கொலை வழக்கு இதன் முழு உருவத்தையும் காட்டியது. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம், இந்தக் கொலை தடாவில் சொல்லப்பட்ட பயங்கரவாதச் செயல் ஆகாது என்று கூறி, 19 பேரைச் சிறையிலிருந்து விடுவித்தது. ஆனால் தடாவின்கீழ் எடுத்த வாக்குமூலங்கள் செல்லும் என்றும் சொல்லிவிட்டது. தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவரான பேரறிவாளனின் தூக்கு உறுதியானது. இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள் வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டு. கைதானபோது வயது 19. அந்த வாக்குமூலத்தை எழுதிய சிபிஐ அதிகாரியே 2013இல் வெளிப்படையாகப் பேசினார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதைத் தாம் எழுதவில்லை என்றார். எழுதாமல் விட்ட அந்த ஒரு வரியில் ஓர் இளைஞனின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தபோது அவருக்கு 50 வயது.

அடுத்து வந்த பொடாவும் போலீஸ் வாக்குமூலத்தை ஏற்றது. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் தாக்குதல் நடந்த அடுத்த மாதம் அவசரச் சட்டமாகப் பிறந்து, 2002 மார்ச்சில் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் நிறைவேறியது. நான்கே மாதத்தில், திருமங்கலத்தில் பேசிய ஒரு பேச்சுக்காக அரசியல் தலைவர் வைகோ சென்னை விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டு 19 மாதம் சிறையில் இருந்தார். சட்டத்தைக் கொண்டுவந்த கூட்டணியில் அவருடைய கட்சியும் இருந்தது. வெறும் பேச்சு மட்டும் குற்றமாகாது, பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நோக்கம் வேண்டும் என்று 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004இல் பொடா நீக்கப்பட்டது.

நீக்கிய ஆண்டிலேயே அதன் பல பிரிவுகள் 1967ஆம் ஆண்டின் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துக்குள் (உபா) இடம்பெயர்ந்தன. போலீஸ் வாக்குமூலம் மட்டும் திரும்பவில்லை. அது நல்ல மாற்றம். ஆனால் 2008இல் மும்பைத் தாக்குதலுக்குப் பின் ஜாமீன் கதவு ஏறக்குறைய அடைக்கப்பட்டது. போலீஸ் ஆவணங்களைப் பார்த்த அளவில் குற்றச்சாட்டு உண்மையாகத் தோன்றினாலே நீதிமன்றம் ஜாமீன் தரக்கூடாது. குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள்வரை காவலில் வைக்கலாம். விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுக்கும் நாட்டில், ஜாமீன் மறுப்பதே தண்டனையாகிவிடுகிறது.

திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடியினரோடு வாழ்ந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி, 2020 அக்டோபரில் பீமா கோரேகான் வழக்கில் உபாவின்கீழ் கைதானபோது வயது 83. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும். குவளையை வாய்க்குக் கொண்டுபோக முடியாது. தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. விசாரணை தொடங்கவேயில்லை. 2021 ஜூலை 5 அன்று, ஜாமீனுக்குக் காத்திருந்த நிலையில், மும்பை மருத்துவமனையில் இறந்தார். அதே ஆண்டு பிப்ரவரியில், நஜீப் வழக்கில், விசாரணை அளவுமீறி நீண்டால் உபா வழக்கிலும் ஜாமீன் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

கடுமை குறைந்தால் கொலைகாரர்கள் தப்பிவிடுவார்கள் என்ற அச்சத்தை எளிதாக ஒதுக்க முடியாது. குண்டில் பிள்ளையை இழந்த தாய்க்கு நீதி கிடைத்தாக வேண்டும். அதற்கு நல்ல புலனாய்வு போதும் என்பதற்கு மும்பை வழக்கே சான்று. 166 பேர் கொல்லப்பட்ட அந்தத் தாக்குதலில் பிடிபட்ட அஜ்மல் கசாபுக்கு வழக்கறிஞர் கொடுக்கப்பட்டது. நேரில் கண்டவர்களின் சாட்சியமும் கேமராப் பதிவுகளும் குற்றத்தை நிறுவின. 2010 மே மாதம் தீர்ப்பு வந்தது. அதே தீர்ப்பில் இரண்டு இந்தியர்கள் போதிய ஆதாரம் இல்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். நாடே கொதித்துக்கொண்டிருந்த வழக்கில் ஆதாரத்தை எடைபோட்டுப் பார்த்த அந்த நிதானம்தான் உண்மையான பாதுகாப்பு.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 113ஆம் பிரிவு, பயங்கரவாதச் செயலைப் பொதுக் குற்றவியல் சட்டத்துக்குள்ளும் கொண்டுவந்திருக்கிறது. உபாவில் உள்ள ஜாமீன் தடை இந்தப் பிரிவில் இல்லை. ஒரே செயலுக்கு எந்தச் சட்டத்தில் வழக்குப் பதிவது என்பதை முடிவு செய்பவர், எஸ்.பி. நிலைக்குக் குறையாத ஒரு போலீஸ் அதிகாரி.