எச்சில்

எச்சில் என்பது வாயில் ஊறும் உமிழ்நீரையும், ஒருவர் உண்டு எஞ்சிய அல்லது வாய் வைத்த உணவையும் குறிக்கும் தமிழ்ச் சொல்லாகும். உடலியல் நூல்களில் உமிழ்நீர் என்ற சொல்லே ஆளப்படுகிறது.

சொற்பிறப்பு

எஞ்சு (மீதமாகு) என்னும் வினையடியிலிருந்து எச்சம், எச்சில் ஆகிய இரு சொற்களும் தோன்றின. அஞ்சு - அச்சம், மிஞ்சு - மிச்சம் என்பவற்றிலும் இதே மாற்றத்தைக் காணலாம். கன்னடத்தில் எஞ்சலு, தெலுங்கில் எங்கிலி, மலையாளத்தில் எச்சில் என இச்சொல்லுக்கு இனச்சொற்கள் உள்ளன. ஆகவே இதன் முதற்பொருள் நீர் அன்று, மீதம் என்பதே. உண்டபின் மீந்த உணவில் வாய்நீர் பட்டிருக்கும் என்பதால், பின்னர் அந்நீருக்கே இப்பெயர் ஆகி வந்தது எனலாம். சமசுகிருத உச்சிட்டமும் மீந்தது என்ற பொருளிலிருந்தே எச்சில் உணவைக் குறிக்கலாயிற்று.

எச்சம்

உடன்பிறந்த சொல்லாகிய எச்சம் வேறு வழியில் சென்றது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் இறுதி இயல் எச்சவியல் ஆகும். பொருள் முடியாது எஞ்சி நிற்பதால் பெயரெச்சம், வினையெச்சம் என்கிறோம். திருக்குறளின் நடுவு நிலைமை அதிகாரத்தில் வரும் எச்சத்திற்கு மக்கட்பேறு எனப் பரிமேலழகர் பொருள் கொண்டார். பறவையின் கழிவும் எச்சமே. செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதால், சுற்றுப்புற உழவர்கள் அப்பறவைகளைத் தலைமுறைகளாகக் காத்து வருகின்றனர். அங்கே எச்சம் இழிவுப்பொருள் அன்று.

வழக்கும் விலக்கும்

எச்சிலோ தீட்டுடன் பிணைந்துவிட்டது. உண்ட இடத்தைத் துடைப்பதை எச்சிலிடுதல் என்பர். அங்கே உமிழ்நீர் சிந்தியிருக்க வேண்டியதில்லை. உதடு படாமல் அண்ணாந்து நீர் குடிப்பதில் நோய் பரவாமை என்னும் பயன் உண்டு. ஆனால் தேநீர்க் கடைகளில் இருந்த இரட்டைக் குவளை முறைக்கு அக்காரணம் பொருந்தாது. கழுவிய குவளையிலும் சாதியே பார்க்கப்பட்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. எனினும் அதற்குப் பின்னரும் தமிழகத்தின் பல ஊர்களில் இம்முறை நீடித்தது.

விலக்கு எப்போதும் ஒரே சீராக இருந்ததில்லை. கண்ணப்பர் வாயில் சுவைத்துப் பார்த்துப் படைத்த இறைச்சியைக் காளத்தி இறைவன் ஏற்றதாகப் பெரியபுராணம் கூறுகிறது. மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபச் சிற்பத்தில், பால் கறக்கப்படும் பசு தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. அதை எச்சில் என்று எவரும் சொல்வதில்லை.

உமிழ்நீர்

இது ஏறத்தாழ 99 விழுக்காடு நீரே. மூன்று இணைப் பெருஞ்சுரப்பிகளும் பல சிறு சுரப்பிகளும் இதனைச் சுரக்கின்றன. இதிலுள்ள அமைலேசு நொதி மாப்பொருளைச் சிதைக்கத் தொடங்குவதால், சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்புத் தட்டும்.