உங்களுக்குத் தெரியுமா? பழைய சர்வருக்கு மறுபிறவி!

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி வீடுகளில் சொந்தக்காரர்கள் கூட்டம்! ஆளுக்கு ஒரு போன், போன் நிறைய அருவி வீடியோ! அத்தனையையும் ஒரே இடத்தில் போட்டு வைத்து வீடே பார்க்கலாம். ஆபீஸில் கழித்துக்கட்டிய பழைய சர்வர் ஒன்று போதும். இன்டர்நெட்டே வேண்டாம்!

50 ஜிபி கல்யாண வீடியோவை 10 எம்பிபிஎஸ் அப்லோடில் கிளவுடுக்கு ஏற்ற 11 மணி நேரம் ஆகும். வீட்டுக்குள்ளேயே கிகாபிட் லேன் கேபிள் போட்டால்? சுமார் 8 நிமிடம்!

சாஃப்ட்வேர் செலவு? பூஜ்யம்! லினக்ஸ் மெஷினில் இருக்கும் ஃபைலை விண்டோஸ் லேப்டாப்பில் திறக்க வைப்பது 'சாம்பா'. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற ஆராய்ச்சி மாணவர் எழுதியது. 1992 முதல் இன்றுவரை இலவசம்!

குற்றாலம் ஐந்தருவியில் ஒரு கிளை வற்றினாலும் குளியல் நிற்காது. பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் 'ரெய்டு 5' முறையும் அப்படித்தான்! 1 டிபி டிஸ்க் ஐந்தைச் சேர்த்தால் 4 டிபி இடம். ஒரு டிஸ்க் செத்துப்போனாலும் ஒரு போட்டோகூடப் போகாது! செத்த டிஸ்க்கை மாற்றுவது அதைவிட அழகு. முன்பக்கக் கொக்கியை அழுத்தி இழுத்தால், தட்டோடு கையில் வந்துவிடும். பல சர்வர்களில் மெஷினை அணைக்கவே வேண்டாம்! (ஆனால் ரெய்டு பேக்கப் ஆகாது. தனி டிஸ்க்கில் இன்னொரு நகல் கட்டாயம்!)

இப்போது கரண்ட் கணக்கு. 150 வாட் இழுக்கும் சர்வர் இரவும் பகலும் ஓடினால் தினம் 3.6 யூனிட். இரண்டு மாதத்துக்கு அரசு தரும் இலவச 100 யூனிட்டை 28 நாளில் விழுங்கிவிடும்! தினம் சாயங்காலம் 3 மணி நேரம் மட்டும் ஓட்டுங்கள். 60 நாளுக்கு வெறும் 27 யூனிட்!

தூங்கும் சர்வரை எழுப்ப எழுந்து போகவும் வேண்டாம். 'வேக் ஆன் லேன்' வசதி இருந்தால் கட்டிலில் படுத்தபடி போனிலேயே எழுப்பலாம். அதற்குப் போகும் சிக்னலின் அளவு 102 பைட்தான்!

ஜன்னலோரம் மட்டும் வைத்துவிடாதீர்கள்! ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று பல சர்வர்களின் கையேடே சொல்கிறது. சாரல் ஊர்க்காரர்களுக்கு இது ரொம்ப முக்கியம்!

ஃபைல் பகிர்வின் பழைய முறையான 'எஸ்எம்பி 1'-ஐ உடனே அணைத்து வையுங்கள். 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. சுமார் 150 நாடுகள்!

தென்காசி பக்கத்து மத்தளம்பாறையில் சாஃப்ட்வேர் நிறுவனமான சோஹோ அலுவலகம் திறந்தது 2011-லேயே! உலகமெல்லாம் விற்கும் 'சோஹோ டெஸ்க்' சாஃப்ட்வேர் உருவானது இங்கேதான். இந்த மண்ணுக்காரர்கள் ஒரு சர்வரைப் பார்த்துப் பயப்படலாமா?

1996-ல் ஸ்டான்ஃபோர்டில் இரண்டு மாணவர்கள் 4 ஜிபி டிஸ்க் பத்தை எடுத்து, குழந்தைகள் விளையாடும் லெகோ கட்டைகளில் பெட்டி கட்டி அடுக்கினார்கள். மொத்தமே 40 ஜிபி. கூகுள் தொடங்கியது அதில்தான்!