கூடைப்பந்தில் கைத்திறன்

கூடைப்பந்து நெட்டையர்களுக்கே உரிய ஆட்டம் என்பது நம்மிற் பலருடைய எண்ணம். தில்லியிலோ நாகபுரியிலோ பள்ளித் திடலின் ஓரத்தில் நின்று பார்க்கும் நாம், “நம் பையன் குட்டை, இது அவனுக்கு ஏற்றதன்று” என்று சொல்லி வீட்டிற்கு அழைத்து வந்துவிடுகிறோம். வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஆயினும், பந்து வளையத்தின் அருகே சென்று சேரும் வரையில், ஆட்டம் தரையை ஒட்டியன்றோ நடைபெறுகிறது!

1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இவ்வாட்டத்தை வகுத்தபோது, பந்தைப் பிடித்தவர் அதனுடன் ஓடலாகாது என விதித்தார். (அந்நகரில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவரே 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவியவர்.) எதிரிகள் சூழ்ந்துகொண்டால் என் செய்வது? பந்தை வேண்டுமென்றே கைநழுவ விட்டு, மீண்டும் தாமே எடுத்துக்கொள்ளும் உபாயத்தை ஆட்டக்காரர்கள் கண்டனர். அதுவே பந்தைத் தரையில் தட்டியவாறு ஓடும் ‘டிரிபிளிங்’ கலையாக வளர்ந்தது. 1927-இல் ஒரு முறைக்கு மேல் தட்டலாகாதென அமெரிக்க விதிக்குழு முடிவு செய்ததும், எதிர்ப்பு வலுக்கவே அம்முடிவைக் கைவிட்டதும் உண்டு.

தட்ட இயலாவிடில் ஆட்டம் என்னாகும் என்பதை 1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் இறுதிப் போட்டி காட்டியது. திறந்த வெளியில் மழை கொட்ட, மண்தரை சேறாயிற்று, பந்து எழும்பவில்லை. அமெரிக்கா 19, கனடா 8. முழு ஆட்டத்திற்கும் அவ்வளவே!

பந்தைத் தட்டுவது உள்ளங்கையன்று. விரல்களின் நுனிச்சதையும் மணிக்கட்டுமே. முழங்கால் மடங்கியிருத்தல் வேண்டும். எதிரிக்கும் பந்துக்கும் இடையே நம் உடல் அரணாக நிற்றல் வேண்டும். தட்டுவதை நிறுத்திப் பந்தைப் பற்றிவிட்டால் மறுபடி தட்ட விதி இடங்கொடாது. ஆகையால், யாருக்குக் கொடுப்பது என்று அறியுமுன் பற்றுதல் பேதைமை. அதனை அறியக் கண் நிமிர்ந்திருக்க வேண்டுமன்றோ? பந்தைப் பார்த்துக்கொண்டே தட்டுபவன், ஆளின்றி நிற்கும் தன் தோழனைக் காணமாட்டான். கண்ணுக்கு விடுதலை தருவதே கைத்திறனின் முதற்பயன் என்போம்.

குட்டையானவன் தட்டும் பந்து தாழ எழும்; அதனைப் பறிக்க நெட்டையன் வெகுவாகக் குனிய வேண்டும். 160 சென்டிமீட்டர் உயரமே உள்ள மக்சி போக்ஸ், அமெரிக்காவின் என்.பி.ஏ. ஆட்டங்களில் 1987 முதல் 2001 வரை நிலைத்து நின்றது பெரிதும் இத்திறத்தால்.

பயிற்சிக்குத் திடல் வேண்டுமென்பதில்லை. வீட்டு முற்றம் போதும். வலக்கைப் பழக்கமுள்ள சிறுவன் இடக்கைக்கே மிகுதியான நேரம் தரட்டும். தட்டும்போது எதிரே ஒருவர் விரல்களைக் காட்ட, எத்தனை என்று அவன் சொல்லி வரட்டும். கண் தானே நிமிரும். மாடியில் குடியிருப்போர் கீழ்வீட்டார் உறங்கும் நேரத்தை மட்டும் விலக்கிக்கொள்வது நலம்.