ஓடும் பிள்ளைக்குச் சப்பாத்து மட்டும் போதாது

தரம் 6 இல் நூறு மீற்றர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்க முண்டியடிக்கும் பிள்ளைகள் தரம் 10 வரும்போது எங்கே போய்விடுகிறார்கள்? இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஆள் சேர்த்துப் பார்த்த எந்தத் தலைவியைக் கேட்டாலும் அவர்கள் சொல்லும் காரணங்களை ஒப்புவிப்பாள்: தலைவலி, டியூஷன், வெயில் ஒத்துக்கொள்ளாது, உம்மா வேண்டாம் என்கிறார். இவற்றில் சில உண்மை. வேறு சில, சொல்ல முடியாத ஒரு காரணத்தை மறைக்கச் சொல்லப்படுபவை. ஓடும்போது மார்பு அசைகிறது, வலிக்கிறது, யாராவது பார்க்கிறார்களோ என்று கூச்சமாக இருக்கிறது. இதை எழுதிக் கொண்டுபோய் விளையாட்டு ஆசிரியையிடம் யார் கொடுப்பது?

இது நம் ஊரில் மட்டும் உள்ள விடயமல்ல. இங்கிலாந்தில் 11 முதல் 18 வயது வரையான இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவிகளிடம் கேட்டு 2016 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 46 சதவீதமானோர் பாடசாலை விளையாட்டில் கலந்துகொள்வதை மார்பு ஏதோ ஒரு வகையில் பாதிக்கிறது என்று கூறியிருந்தார்கள். 87 சதவீதமானோர் இதைப் பற்றி இன்னும் அறிய விரும்புவதாகச் சொன்னார்கள். எனக்கு இரண்டாவது எண்தான் முக்கியமாகப் பட்டது. அறிய விரும்புகிறோம், ஆனால் கேட்பதில்லை. அதனால் சுற்றி வளைக்காமல் பெயரைச் சொல்லியே எழுதுகிறேன். இந்தக் கட்டுரை ஸ்போர்ட்ஸ் பிரா பற்றியது.

முதலில் கொஞ்சம் உயிரியல். மார்பகத்துக்குள் தசை கிடையாது. பால் சுரப்பிகளும் கொழுப்பிழையமும்தான் இருக்கின்றன. நெஞ்சுத் தசை அதற்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே உடற்பயிற்சி செய்து மார்பகத்தையே இறுக்கமாக்கலாம் என்பது நடக்காத காரியம். அதைத் தாங்கிப் பிடிப்பவை தோலும், உள்ளே நூல் வலைபோலப் பரந்திருக்கும் கூப்பர் இணையங்களும் மட்டுமே. இவை மெல்லியவை. ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் உடல் மேலெழுந்து கீழே இறங்குகிறது. மார்பகம் சற்றுப் பிந்தித்தான் பின்தொடர்கிறது. அது மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் அசைகிறது. ஒரு கிலோமீற்றர் ஓடினால் ஏறத்தாழ ஆயிரம் தடவை இப்படி இழுபடுகிறது. வலி அதனால்தான். சிறிய உடல்வாகு உள்ளவர்களுக்கும் இது வரலாம்.

சாதாரணப் பிரா இதற்காகச் செய்யப்பட்டதல்ல. அது நிற்பதற்கும் நடப்பதற்கும் வகுப்பில் இருப்பதற்கும் உரியது. ஓடுவதற்கென்று தனியாக ஒன்று வேண்டும் என்ற எண்ணம் உலகத்துக்கே பிந்தித்தான் வந்தது. 1977 இல் அமெரிக்காவின் வேர்மொன்ட் மாநிலத்தில் லீசா லிண்டால் என்ற பெண், தினமும் ஓடுபவர், இந்த வலி பொறுக்க முடியாமல் நாடக உடைகள் தைக்கும் தன் தோழி பொலி சிமித்திடம் போனார். ஹிண்டா மில்லரும் சேர்ந்துகொண்டார். விளையாட்டு வீரர்களான ஆண்கள் அணியும் உள்ளாடைகள் இரண்டை வெட்டி ஒன்றாகத் தைத்துத்தான் முதல் மாதிரியைச் செய்து பார்த்தார்களாம். 1979 இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மரதன் ஓட்டம் முதன்முதலில் நடந்தது 1984 இல்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நம் உம்மாமார் பலர் பாடசாலையில் படித்த காலத்தில் இந்தப் பொருள் நம் ஊர்க் கடைகளை எட்டியிருக்காது. ஆகவே அவர்கள் இதை நமக்கு வாங்கித் தராததில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம் வேறிடத்தில் இருக்கிறது. உலகத்தின் பெரிய விளையாட்டு உடைக் கம்பனிகளுக்கு இவற்றைத் தைத்து அனுப்பும் நாடுகளில் இலங்கையும் ஒன்று. நம் நாட்டு அக்காமாரின் கையால் தைத்தது கடல் கடந்துபோய் யாரோ ஒருத்தியை வலியில்லாமல் ஓடவைக்கிறது.

சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் தேவை ஒன்றல்ல. சைக்கிளில் உடலின் பாரம் இருக்கையில் இருப்பதால் குலுங்கல் குறைவு. பள்ளமும் குழியுமான வீதியில் மட்டும் திடீரென்று அதிரும். அங்கே தொல்லை வேறு மாதிரியானது. கைபிடியைப் பிடித்து முன்னால் குனியும்போது கீழ்ப்பட்டி வயிற்றின் மேற்பகுதியில் வெட்டும், முதுகுப் பக்கம் மேலே ஏறும். தோள்கள் முன்னால் வருவதால் தோள்பட்டிகள் வழுக்கி விழும். ஒரு கையால் அதை இழுத்துச் சரிசெய்துகொண்டே மறுகையால் சைக்கிள் ஓட்டுவது ஆபத்தானது. ஆகவே தினமும் பாடசாலைக்கும் டியூஷனுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கு மிக இறுக்கமான ஒன்று தேவையில்லை. அகலமான மென்மையான கீழ்ப்பட்டி, கம்பி இல்லாத அமைப்பு, முதுகில் இரண்டு பட்டிகளும் நடுவே சேரும் வடிவம் ஆகியவை போதும். ஓட்டம், வலைப்பந்து, கயிறடித்தல் ஆகியவற்றுக்கு அதைவிட உறுதியானது வேண்டும். இரண்டுக்கும் ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் ஓட்டத்துக்கு உரியதை வாங்குவதே நல்லது.

கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. முதலாவது, தலைவழியாகப் போடும் பெனியன் போன்றது. இது மார்பை நெஞ்சோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும். சிறிய அளவினருக்கும், இப்போதுதான் வளரத் தொடங்கியிருக்கும் தங்கைமாருக்கும் இது போதுமானது. இரண்டாவது வகையில் இரு பக்கமும் தனித்தனிக் கிண்ணங்களாகத் தைக்கப்பட்டிருக்கும், முதுகில் கொளுக்கி இருக்கும். நடுத்தர, பெரிய அளவினருக்கு இதுதான் தாங்கும், ஏனென்றால் பக்கவாட்டு அசைவையும் இது தடுக்கிறது. இரண்டையும் கலந்து செய்தவையும் உண்டு. கண்ணாடி முன்னால் தடிப்பாகத் தெரியும் பஞ்சு வைத்தவற்றை நம்பி ஏமாற வேண்டாம். பஞ்சு வியர்வையைக் குடிக்குமே தவிர எதையும் தாங்காது.

இனி அளவு. நம்மில் அநேகர் அளவெடுக்காமலே வாங்குகிறோம். உம்மா கடைக்காரரிடம் மெல்லிய குரலில் ஓர் எண்ணைச் சொல்வார், அவர் ஒரு பெட்டியை நீட்டுவார், அது கறுப்புப் பைக்குள் போய்விடும். வீட்டுக்கு வந்து போட்டால் ஒன்றில் மூச்சு முட்டும், அல்லது தொளதொளக்கும். மாற்றித் தரமாட்டார்கள். சப்பாத்து வாங்கும்போது மட்டும் இரண்டு காலிலும் போட்டுக் கடை முழுக்க நடந்து பார்க்கிறோம்! உடுத்திப் பார்க்க வசதியும் பெண் பணியாளர்களும் உள்ள கடை கிடைத்தால் நல்லது. கிடைக்காத ஊரில் வீட்டிலேயே சரியாக அளந்துகொண்டு போவதுதான் வழி.

தையல் நாடா ஒன்று போதும். மெல்லிய உடையோடு நேராக நின்று, மார்புக்குச் சற்றுக் கீழே, விலா எலும்பைச் சுற்றி நாடாவை மட்டமாகப் பிடியுங்கள். மூச்சை வெளியே விட்டபின் வரும் அங்குலம்தான் கீழ்ச்சுற்று. ஒற்றை எண் வந்தால் பக்கத்து இரட்டை எண்ணை எடுக்கலாம். அடுத்ததாக மார்பின் உயர்ந்த பகுதியை இறுக்காமல் சுற்றி அளந்தால் மேற்சுற்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஓர் அங்குலமானால் ஏ, இரண்டு பி, மூன்று சி, நான்கு டி. கீழ்ச்சுற்று 32, மேற்சுற்று 35 என்றால் 32 சி. பல கடைகளில் 32 சி இல்லையென்றால் 36 பி யைத் தந்துவிடுவார்கள். அது நான்கு அங்குலம் பெரிய கீழ்ப்பட்டி! இல்லாவிட்டால் 34 பி யைப் பாருங்கள். கிண்ணத்தின் கொள்ளளவு ஒன்றுதான், பட்டியை உள்கொளுக்கியில் மாட்டிக்கொள்ளலாம். கம்பனிக்குக் கம்பனி அளவு மாறும் என்பதையும் மறக்கக் கூடாது.

நான் ஏன் கீழ்ப்பட்டியையே பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், பாரத்தின் பெரும்பகுதியைச் சுமப்பது அதுதான். தோள்பட்டிகள் வெறும் துணைக்குத்தான். கீழ்ப்பட்டி தொய்ந்திருந்தால் நாம் தோள்பட்டியை இழுத்து இறுக்குகிறோம். தோளில் தடம் விழுகிறது, கழுத்து வலிக்கிறது, அதற்கு மேல் புத்தகப் பை வேறு. பிறகு சைக்கிள் ஓடியதால்தான் தோள் வலி என்று சைக்கிளைக் குறை சொல்கிறோம்.

வாங்கியதும் விலைச்சீட்டைக் கழற்றாமல் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சோதித்துப் பாருங்கள். கீழ்ப்பட்டிக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், கை முழுவதும் நுழையக் கூடாது. கைகள் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கும்போது பட்டி இடம் மாறக் கூடாது. பக்கவாட்டிலோ மேலேயோ பிதுங்கினால் கிண்ணம் சிறியது, சுருக்கம் விழுந்தால் பெரியது. ஆழமாக மூச்செடுங்கள். முடியவில்லை என்றால் அது எவ்வளவு நன்றாகத் தாங்கினாலும் வேண்டாம், ஓடுபவளுக்கு மூச்சுத்தான் முதல். கடைசியாக, இருபது தடவை துள்ளுங்கள். சைக்கிளுக்கு என்றால் கதிரையில் இருந்து முன்னால் குனிந்து பாருங்கள். எங்கே குத்துகிறது, எங்கே ஏறுகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

அசையக் கூடாது என்பதற்காக ஓர் அளவு சிறியதை வாங்குவதும், இரண்டு பிராக்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவதும் நம் மத்தியில் சகஜம். இரண்டுமே விலா எலும்பை நெரித்து மூச்சைக் குறைக்கின்றன, தோலை உரசிப் புண்ணாக்குகின்றன. ஸ்போர்ட்ஸ் பிரா வாங்க இப்போது வசதியில்லை என்றால், அளவு சரியான, கம்பியோ பஞ்சோ இல்லாத சாதாரணப் பிராவுக்கு மேலே உடலோடு ஒட்டிய பெனியன் ஒன்றைப் போடலாம். முழுமையான தீர்வு இல்லை, ஆனால் சமாளிக்கலாம்.

நம் உடை முறைக்கு ஏற்பவும் சில விடயங்களைக் கவனிக்க வேண்டும். நாம் முழுக்கை ரீசேர்ட்டும் காற்சட்டையும் பர்தாவும் அணிந்து ஓடுகிறோம். வியர்வை ஆவியாக வழி குறைவு. பருத்தி சாதாரண நாளுக்கு இதமானது, ஆனால் ஓடும்போது வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே ஒட்டிக்கிடக்கும். நைலோன் அல்லது பொலியெஸ்டரில் இலாஸ்டிக் இழை சேர்ந்த, நுண்துளைகள் உள்ள துணி சீக்கிரம் காயும். உரசும் இடத்தில் ஓடமுன் கொஞ்சம் வெசலின் பூசினால் தோல் உரியாது. ஓடி முடிந்ததும் ஈர உள்ளாடையோடு டியூஷனுக்குப் போனால் மார்புக்குக் கீழே தேமல், அரிப்பு வரும். பையில் மாற்று ஒன்று வைத்திருங்கள். பாடசாலையின் சிறிய கழிவறையில் வியர்த்த உடம்போடு தலைவழியாக இறுக்கமான ஒன்றைக் கழற்றுவது பெரும்பாடு, பர்தாவையும் குலைத்துக் கட்ட வேண்டும். முன்னால் சிப் உள்ளதை வாங்கினால் அந்தப் போராட்டம் இல்லை.

வயதுக்கு வந்த பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு என்று கேட்கும் பெற்றோரும் இதை வாசிக்கலாம். ஆயிஷா (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடி வென்றதும், பின்னொரு காலத்தில் நபியவர்கள் வென்றதும் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஹயா என்பது மைதானத்தை விட்டு ஒதுங்குவது மட்டும்தானா? அசைவைக் கட்டுப்படுத்தும் உடையை மகளுக்கு வாங்கிக் கொடுப்பதும் ஹயாவைப் பேணுவதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இறுக்கமான பிரா அணிந்தால் புற்றுநோய் வரும் என்ற பேச்சும் நம்மிடையே உண்டு. அமெரிக்காவின் சியாட்டல் நகரில் 1500 க்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்து 2014 இல் வெளிவந்த ஆய்வில் அப்படி எந்தத் தொடர்பும் காணப்படவில்லை. இரு பக்கமும் அளவில் சிறிது வேறுபடுவதும் மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் கனமாக வலிப்பதும் இயல்பானவை. அந்த நாட்களில் ஒரு கொளுக்கி தளர்த்திப் போடலாம். ஆனால் கட்டி தட்டுப்பட்டால், ஒரு பக்கம் மட்டும் விடாமல் வலித்தால், ஏதாவது கசிந்தால், உம்மாவிடம் அன்றைக்கே சொல்லுங்கள். நம் பகுதி மிட்வைப்பிடம் கேட்பதற்கும் வெட்கம் வேண்டாம்.

கழுவுவது எளிது. குளிர்ந்த நீரில் மென்மையான சவர்க்காரத்தால் கையால் கழுவ வேண்டும். முறுக்கிப் பிழியக் கூடாது, குளோரின் போடக் கூடாது, ஸ்திரி வேண்டவே வேண்டாம். சூடு இலாஸ்டிக்கின் எதிரி. எல்லா வீட்டிலும் ஒரு வழக்கம் இருக்கிறது: உள்ளாடையைக் கொடியில் போட்டு, யார் கண்ணிலும் படாமல் அதன்மேல் ஒரு துவாயை விரித்து மூடுவது. அது ஈரம் காயாமல் மணக்கும், பூஞ்சணமும் பிடிக்கும். மறைவான இடம் தேவைதான், ஆனால் அங்கே காற்று வர வேண்டும். ஜன்னலோரத்தில் ஒரு கொடி கட்டினால் போதும். புதிதாக வாங்கும்போது வெளிக் கொளுக்கியில் சரியாக இருப்பதை வாங்குங்கள். நாளாக ஆக இலாஸ்டிக் தளரும்போது உள்கொளுக்கிகளுக்கு மாறலாம். கடைசிக் கொளுக்கியிலும் பட்டி முதுகில் ஏறத் தொடங்கினால் அதன் காலம் முடிந்துவிட்டது. நம் வயதில் உடம்பும் மாறிக்கொண்டே இருப்பதால், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அந்தத் தையல் நாடாவை மீண்டும் எடுத்து அளந்து பாருங்கள்.